நூறு ஆண்டுக்கு ஒன்று

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கம் எங்களிடம் கேட்டது உடல்நலம் பற்றிய ஓர் உரை. நீரிழிவு பற்றியும் உயர் குருதியமுக்கம் பற்றியும் பேசத்தான் ஆயத்தம் செய்யத் தொடங்கினோம். ஆனால் சென்ற வருடம் இதே மண்டபத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம் குறுக்கே வந்து நின்றது.

எங்கள் வகுப்பில் படித்து வைத்தியர்களான சிலர் சேர்ந்து மாணவிகளுக்கு ஒரு மருத்துவ முகாம் நடத்தினோம். குருதிச்சோகை இருக்கிறதா என்று கண்ணிமையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி மெல்லிய குரலில் கேட்டாள்: "டொக்டர் அன்ரி, பௌதிகவியல் மட்டும் படிச்சால் பிறகு என்ன செய்யலாம்? வீட்டில மெடிசின் எண்டால்தான் படிக்க விடுவினம்."

எங்களிடம் பதில் இருக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. "முதல்ல இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காப் போடு பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். ஆகையால் இன்று நீரிழிவு இல்லை. வானத்திலிருந்து விழும் துணிக்கைகளைப் பற்றியும் அவற்றை வானொலி அன்ரனாக்களால் பிடிப்பதைப் பற்றியும் பேசப் போகிறோம். நாங்கள் பௌதிகவியலாளர்கள் அல்லர். ஆர்வத்தால் வாசித்தவர்கள், ஒருமுறை நேரிலும் போய்ப் பார்த்தவர்கள். அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரியை நடுவில் வைத்து, ஒரு கிலோமீற்றர் நீளமும் ஒரு கிலோமீற்றர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். விடுதி, மைதானம், சந்தி, நாங்கள் ஐஸ்கிறீம் குடித்த கடை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். விண்வெளியிலிருந்து அணுக்கருக்கள் இந்தச் சதுரத்தின் மீது இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவைதான் அண்டக் கதிர்கள். பெரும்பாலானவை சிறிய சக்தி கொண்டவை. சக்தி கூடக் கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். 5 ஐ எழுதிப் பக்கத்தில் 19 பூச்சியம் போட்டால் வரும் அத்தனை இலத்திரன்வோல்ற்றுக்கு மேலே போனால், ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு ஒன்றுதான் வரும். கல்லூரியின் இந்த நூறு ஆண்டுகளில் நம் சதுரத்துக்குள் அப்படி ஒன்று விழுந்திருக்கக்கூடும். எந்த அதிபரின் காலத்தில், எந்த வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சக்தி எவ்வளவு? ஒரு கிலோ சீனிப் பையைத் தரையிலிருந்து சமையலறை மேசைக்குத் தூக்கி வைக்கும் அளவு. "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். ஆனால் அது முழுவதும் ஒரேயொரு அணுக்கருவுக்குள் இருக்கிறது. 1991 ஒக்ரோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான துணிக்கை இன்னும் பெரியது. ஏறத்தாழ 50 யூல். சுழற்பந்து வீச்சாளர் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் ஒரு கிரிக்கெட் பந்தின் சக்தி அது. மனிதர் கட்டிய எந்த இயந்திரத்தாலும் ஒரு துணிக்கைக்கு அதற்குக் கிட்டவும் சக்தி கொடுக்க முடியவில்லை.

இந்தக் கதிர்கள் இருப்பதே 1912 இல்தான் தெரியவந்தது. ஒஸ்திரிய நாட்டவரான விக்டர் ஹெஸ், அவ்வாண்டு ஓகஸ்ட் 7 ஆம் திகதி பலூனில் ஏறி 5000 மீற்றருக்கும் மேலே போனார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு குறையும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அவருடைய கருவிகளோ அது கூடுகிறது என்று காட்டின. கதிர்வீச்சு மண்ணிலிருந்து மட்டும் வரவில்லை, வானிலிருந்தும் வருகிறது என்று அவர் கண்டார்.

1938 இல் பிரான்சு நாட்டின் பியர் ஓஜே, துணிக்கைகளை உணரும் கருவிகளை ஒன்றுக்கொன்று தூரமாக வைத்துப் பார்த்தார். தூரத்தில் இருந்தும் அவை ஒரே கணத்தில் துடித்தன. வைத்தியர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒருவருக்கு வயிற்றோட்டம் என்றால் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்போம். விடுதியில் ஒரே இரவில் முப்பது பேருக்கு என்றால் கிணற்றைப் போய்ப் பார்ப்போம். ஓஜேயும் கிணற்றைத்தான் பார்த்தார். வானின் உச்சியில் ஒரேயொரு துணிக்கை காற்றின் அணுக்கருவில் மோதுகிறது. அது பலதாகிறது, அவை மேலும் மோதுகின்றன, கோடிக்கணக்கான துணிக்கைகள் ஒரு பொழிவாகத் தரையை நோக்கி வருகின்றன. தரையில் விரிந்து கிடக்கும் பொழிவைக் கொண்டு, மேலே மோதிய அந்த ஒன்றைப் பற்றி அறிய வேண்டும். நோயாளி பேசாத நிலையில் அறிகுறிகளைக் கொண்டு நோயைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை அது.

இனி வானொலிக்கு வருவோம். எங்கள் வயதினருக்கு வானொலி என்றதும் நினைவுக்கு வருவது தலைகீழாகக் கவிழ்த்து வைத்த சைக்கிள்தான். 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் தமிழோசை கேட்போம். எங்கள் வகுப்பில் ஒரு சிநேகிதி இருந்தாள். யாருடைய வீட்டில் வானொலி பாடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். செய்தி முடிந்த பிறகும் சுற்றச் சொல்வாள். நிலையங்களுக்கு இடையே கேட்கும் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். "இந்தச் சத்தம் எங்க இருந்து வருது?" என்று ரீச்சரிடமும் கேட்டாள். அந்த இரைச்சலின் ஒரு பங்கு பால்வீதியிலிருந்து வருகிறது என்று கார்ல் ஜான்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1933 இலேயே வெளியிட்டிருந்தார். அது எங்களுக்கு அன்று தெரியாது.

துணிக்கைப் பொழிவும் வானொலியில் கேட்கும். பொழிவில் இலத்திரன்களும் அவற்றின் எதிர்வடிவமான பொசித்திரன்களும் ஏராளம். பூமியின் காந்தப்புலம் ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் இழுக்கிறது. அதனால் பொழிவுக்குக் குறுக்கே ஒரு மின்னோட்டம் உண்டாகிறது, கூடுகிறது, அடங்குகிறது. மின்னோட்டம் மாறும் இடத்தில் மின்காந்த அலை பிறக்கும் என்பது உயர்தரத்தில் நாம் படித்ததுதான். பொழிவின் முகப்பு சில மீற்றர் தடிப்பே கொண்டது. எனவே அதைவிட நீளமான அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன. சோவியத் ஒன்றியத்தின் அஸ்கார்யன் 1962 இல் இன்னொரு காரணத்தையும் காட்டியிருந்தார். பொழிவு போகும் வழியில் காற்றிலிருந்து இலத்திரன்களை வாரிச் சேர்ப்பதால் மறை ஏற்றம் மிகுந்துவிடுகிறது, அதுவும் வானொலி அலையைத் தரும் என்றார்.

1965 இல் இங்கிலாந்தின் ஜொட்ரல் பாங்கில் ஜெல்லியும் அவருடைய குழுவினரும் 44 மெகாஹேட்ஸ் மீடிறனில் இந்தத் துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகள் பல நாடுகளிலும் ஆர்வம் பெருகியது. பிறகு 1970 களின் நடுப்பகுதியோடு பெரும்பாலானோர் கைவிட்டார்கள். துடிப்பு ஒரு செக்கனின் பத்துக் கோடியில் சில பங்கு நேரம்தான் நிற்கும். மோட்டார், மின்கம்பி, ஒலிபரப்பு எல்லாம் சேர்ந்த இரைச்சலுக்குள் அதைப் பிரித்தெடுக்க அன்றைய கருவிகளால் முடியவில்லை. வேறு முறைகள் நம்பகமாக இருந்தன. ஆகவே கோப்பை மூடிவிட்டார்கள்.

முப்பது ஆண்டுகள் அது மூடியே கிடந்தது. பௌதிகவியல் மாறவில்லை, கணினி மாறியது. வானொலிச் சைகையை ஒரு செக்கனுக்குக் கோடிக்கணக்கான முறை எண்களாக்கிச் சேமிக்க முடிந்ததும் ஜெர்மனியின் கார்ல்ஸ்றூவில் லோப்பெஸ் என்ற அன்ரனாத் தொகுதியை, ஏற்கெனவே அங்கிருந்த துணிக்கை உணரிகளுக்கு நடுவே நிறுவினார்கள். 2005 இல் அதன் முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. மூடிய கோப்பு திறந்தது.

இந்த வேலையின் மிகத் துல்லியமான வடிவங்களில் ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது. பெயர் லோஃபார். 2010 இல் திறக்கப்பட்டது. நடுப்பகுதி ட்ரெந்தே மாகாணத்தில் எக்ஸ்லோ என்ற கிராமத்துக்குப் பக்கத்தில். கிளை நிலையங்கள் ஜெர்மனி, பிரான்சு, சுவீடன், போலந்து, அயர்லாந்து என்று பரந்திருக்கின்றன. வானொலியும் சைக்கிளுமாக இருந்த எங்கள் சிநேகிதி இப்போது நெதர்லாந்தில் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவளைப் பார்க்கப் போன நாங்கள் மூவரும் ஒருநாள் அவளுடைய காரில் அங்கே போனோம்.

பெரிய வட்டத் தட்டுகளை எதிர்பார்த்துப் போன எங்களுக்கு ஏமாற்றம். புல்வெளியில் ஆளுயரம்கூட இல்லாத பிளாஸ்ரிக் குழாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் நான்கு கம்பிகள் கூடாரக் கயிறு போலச் சாய்ந்து நிலத்துக்கு வருகின்றன. கீழே ஒரு கம்பி வலை. வேலிக்கு வெளியே நின்று பார்த்த எங்கள் சிநேகிதி சிரித்தாள். "இது எங்கட வீட்டுக் கொடிக்கயிறு மாதிரியல்லோ கிடக்கு" என்றாள்.

உண்மைதான். தனியாக எடுத்தால் அது ஒரு கம்பிதான். நூற்றுக்கணக்கானவை ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்தான் வேலை நடக்கிறது. ஒளி ஒரு நனோசெக்கனில் போகும் தூரம் 30 சென்ரிமீற்றர், நமது கொம்பாஸ் பெட்டியோடு வாங்கும் பெரிய அடிமட்டத்தின் நீளம். துடிப்பு எந்த அன்ரனாவுக்கு முதலில் வந்தது, எதற்குச் சில நனோசெக்கன் பிந்தி வந்தது என்று பார்த்தால், பொழிவு வானின் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்கலாம். அன்ரனாக்களுக்கு நடுவே துணிக்கை உணரிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு அன்ரனாவும் கடைசிச் சில செக்கன்களில் கேட்டதைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். உணரிகள் ஒன்றாகத் துடித்தால், "இப்போது கேட்டதை அழிக்காதே" என்ற கட்டளை போகும்.

அவர்கள் கேட்கும் மீடிறன் ஏறத்தாழ 30 முதல் 80 மெகாஹேட்ஸ் வரை. அதற்குக் கீழே நாங்கள் தமிழோசை கேட்ட சிற்றலை. அதற்கு மேலே இன்று பிள்ளைகள் பாட்டுக் கேட்கும் எஃப்.எம். இரண்டுக்கும் இடையே ஒரு சாளரம். அங்கே மிஞ்சும் இரைச்சல் பெரும்பாலும் பால்வீதியுடையது. அதைக் குறையாக எண்ணாமல் அளவுகோலாக வைத்து அன்ரனாக்களைச் சரிபார்க்கிறார்கள். சிநேகிதி அன்று கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அங்கே ஒரு கருவியாகிவிட்டது.

இதனால் கிடைப்பது என்ன? வானொலித் துடிப்பு தரையில் விழும் வடிவத்தைக் கொண்டு, பொழிவு எந்த உயரத்தில் உச்சத்தை அடைந்தது என்று கண்டுபிடிக்கலாம். இரும்பு போன்ற பாரமான கரு மோதினால் உச்சம் உயரத்தில் இருக்கும். புரோத்தன் என்றால் கீழே இறங்கி வரும். லோஃபார் குழுவினர் 2016 இல் 'நேச்சர்' இதழில் இப்படிக் கணித்த முடிவை வெளியிட்டார்கள். 1 இற்குப் பக்கத்தில் 17 பூச்சியம் போடும் சக்தியை ஒட்டி வருவனவற்றில் புரோத்தன், ஹீலியம் போன்ற இலேசான கருக்கள் கணிசமாக உள்ளன என்பதே அது. பொழிவின் மங்கலான ஒளியைப் பார்க்கும் தொலைகாட்டிகள் நிலவில்லாத தெளிந்த இரவுகளில்தான் வேலை செய்யும். அன்ரனாவுக்கு நிலவும் பகலும் தடையில்லை. இடி மின்னல்தான் தடை.

ஆனால் நூறு ஆண்டுக்கு ஒன்று வருவதைப் பிடிக்க லோஃபாரின் நிலம் போதாது. ஆர்ஜென்டினாவின் மலார்குவே என்ற ஊருக்குப் பக்கத்தில் பியர் ஓஜேயின் பெயரைத் தாங்கிய ஆய்வுநிலையம் இருக்கிறது. பரப்பளவு 3000 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒன்றரைக் கிலோமீற்றர் இடைவெளியில், 12,000 லீற்றர் தண்ணீர் கொண்ட தொட்டிகள் 1600 இற்கு மேல். ஒரு சதுர கிலோமீற்றரில் நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியதற்கு, 3000 சதுர கிலோமீற்றரில் இரண்டு வாரம் போதும். அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொட்டிகளின் தலையிலும் வானொலி அன்ரனா பொருத்தியிருக்கிறார்கள். பொழிவின் சக்தியில் வானொலியாக வெளிவருவது எவ்வளவு என்றும் அங்கே அளந்தார்கள். அந்த இடத்தின் காந்தப்புலத்தில், 1 இற்குப் பக்கத்தில் 18 பூச்சியம் போடும் சக்தியுள்ள பொழிவுக்கு, ஏறத்தாழ 6300 கோடியில் ஒரு பங்கு. அதைக் கேட்டு முழுச் சக்தியையும் கணிக்கிறார்கள்.

2017 இல் அந்த ஆய்வுநிலையம், மிக உயர்ந்த சக்தி கொண்ட துணிக்கைகள் நமது பால்வீதிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்பதற்குச் சான்று தந்தது. எந்த இடத்தில் பிறக்கின்றன என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. மின்னேற்றம் கொண்டவை என்பதால் வரும் வழியில் காந்தப்புலங்கள் அவற்றைத் திசை திருப்பிவிடுகின்றன. அந்த விடையை எழுதப் போகிறவர் இன்று எங்கோ ஒரு வகுப்பில் இருக்கலாம்.

அண்டக் கதிரைப் படித்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபா சௌத்ரி. 1930 களின் இறுதியில் கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் மலைக்கு ஒளிப்படத் தகடுகளைக் கொண்டுபோய், டி. எம். போஸ் அவர்களோடு சேர்ந்து துணிக்கைகளின் தடங்களைப் பதிந்தார். உலக யுத்தம் நடந்ததால் அவர்களுக்குத் தரமான தகடுகள் கிடைக்கவில்லை. வேலை பாதியில் நின்றது. யுத்தத்துக்குப் பிறகு அதே வழியில், நல்ல தகடுகளோடு இங்கிலாந்தின் செசில் பவல் புதிய துணிக்கையைக் கண்டுபிடித்தார். 1950 இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விபா ஒதுங்கிப் போகவில்லை. மான்செஸ்ரர் சென்று இன்று நாம் பேசிய துணிக்கைப் பொழிவுகளைப் பற்றியே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். யுத்தத்தால் தகடு கிடைக்காமல் போன கதை எங்கள் காதில் வேறு விதமாக விழுகிறது. எங்கள் ஆய்வுகூடத்தில் கல்வனோமானி ஒன்றுதான் இருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு அதுவும் இல்லை. எங்கள் சிநேகிதி தன் பௌதிகவியல் கொப்பிகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் நடந்தாள். பிறகு அவள் அந்தப் பாடத்துக்குத் திரும்பவில்லை.

எக்ஸ்லோவில் வேலிக்குப் பக்கத்தில் நாங்கள் துடிப்பு, நனோசெக்கன் என்று வாசித்ததை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் நாங்கள் சொல்லி முடிப்பதற்கு முன்பே, "அப்ப எது முந்திக் கேட்டதெண்டு பார்த்தால் திசை தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "எனக்கு அப்பவே இது விளங்கியிருக்கும், என்ன?" என்றாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே பெற்றோருக்கு வைத்தியர்களாகிய நாங்கள் சொல்கிறோம். எல்லாப் பிள்ளைகளையும் எங்களைப் போல ஆக்க வேண்டாம். எங்கள் தொழிலே பௌதிகவியலில் தங்கி நிற்கிறது. 1932 இல் கார்ல் அன்டர்சன் பொசித்திரனைக் கண்டுபிடித்தது அண்டக் கதிர்களில்தான். ஹெஸ்ஸும் அவரும் 1936 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். அன்று அவர்கள் புற்றுநோயைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். இன்று புற்றுநோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க நோயாளிகளை பெற் ஸ்கானுக்கு அனுப்புகிறோம். அந்த ஸ்கான் வேலை செய்வது பொசித்திரனால்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நெதர்லாந்தில் ஹைஸ்பார்க் என்ற திட்டம் 2000 களின் தொடக்கத்திலிருந்து பாடசாலைக் கூரைகளில் அண்டக் கதிர் உணரிகளை வைத்தது. மாணவர்களே அவற்றைப் பொருத்தினார்கள். கார் கூரையில் கட்டும் நீளப் பெட்டிக்குள் ஒளிரும் தகடு, நேரத்தைக் குறிக்கச் செய்மதிக் கடிகாரம், சைகையை வாசிக்கக் கணினி. அதுதான் கருவி. நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை எங்கள் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கி, எங்கள் கூரையிலும் அப்படி ஒன்றை வைப்போம். நூறு ஆண்டுக்கு ஒன்று வருவதை அது பிடிக்காது. நாளாந்தம் வரும் சிறு பொழிவுகளைப் பிடிக்கும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உள்ள அக்காமார் தங்கள் பிள்ளைகளின் பாடசாலைகளிலும் ஒன்று வைத்து, எங்கள் பிள்ளைகளோடு தரவுகளை ஒப்பிட வைத்தால் இன்னும் நல்லது. எங்கள் வகுப்பின் பங்களிப்பை இன்றே தலைவியிடம் கையளிக்கிறோம். எக்ஸ்லோவிலிருந்து திரும்பிய சிநேகிதி அனுப்பிய பணமும் அதில் இருக்கிறது.

கேள்வி கேட்ட பிள்ளை இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறோம். பிள்ளை, பௌதிகவியல் மட்டும் படித்தால் இதையெல்லாம் செய்யலாம். வீட்டில் விடாவிட்டால் எங்களிடம் வா, அம்மா அப்பாவோடு நாங்கள் வந்து கதைக்கிறோம். குளிசையையும் ஒழுங்காகப் போடு.